கருங்கல்லின் மூன்று பதிவுகள்

நான்கு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது நஸ்னீன் மாடியறைக் கதவைத் தாழிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.  திரையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

அன்றைக்கு மதில்நகர் பிழைக்குமா, போய்விடுமா என்பது தெரிந்துவிடும்.

ஊரடங்கு காலத்தில் அவளும் கல்லூரியில் கூடப் படித்த பாலாஜியும் சேர்ந்து இணையத்தில் தொடங்கிய சூப்பர் ஹீரோ ஆட்டம் மதில்நகர். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். சேருகிறவர்கள் ஆளுக்கொரு ஹீரோவை உருவாக்கிக்கொள்வார்கள். அந்த ஹீரோ என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று தளத்தில் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் தன் ஹீரோவை வைத்துப் பதில் எழுதுவார். கதை அப்படியே வளரும். யாருக்கும் யாருடைய உண்மைப் பெயரும் தெரியாது. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களில் நூற்றறுபது பேர் விடிய விடிய எழுதினார்கள். ஊர் திறந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இந்த ஆண்டு தையில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

வார நாட்களில் நஸ்னீனுக்கு ஒரு பட்டுக் கடையில் வேலை. புடவைகளைப் படம் பிடித்து, உடல் என்ன நிறம், பார்டர் என்ன நிறம் என்று எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு நாளைக்கு அவள் எழுதுவதை ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஆசையாக எழுதிய மதில்நகரை ஒன்பது பேர். அந்தக் கணக்கு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் புது முறை. ஞாயிறு தோறும் மாலை நான்கு முதல் ஆறு வரை, நேரலையாக, ஓர் அத்தியாயம். ஆறு ஹீரோக்கள் மட்டும். குலுக்கலில் தன் முறை வந்ததும் மூன்று நிமிடத்துக்குள் அறுபது சொல்லில் எழுதிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், பிடித்த பதிவுக்கு இதயக்குறி போடலாம். கடைசியில் குறைந்த இதயம் வாங்கிய ஹீரோ தன் சக்தியை இழப்பான். இதற்கெல்லாம் மேலாக ஒரு விதியை அவளே தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்: இரண்டு மணி நேரமும் யாரும் வேஷத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

பாலாஜிக்கு இது பிடிக்கவில்லை.

"இது கதை எழுதுற இடம்மா. ஓட்டு வாங்குற இடமா மாத்திக்கினு இருக்கிற நீ" என்று போனில் சொன்னான். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். எல்லோரும் பார்க்கிற பொதுப் பக்கத்திலும் அதையே எழுதினான். நஸ்னீனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அன்றைக்கே அவனுடைய நிர்வாகி உரிமையை எடுத்துவிட்டாள். அவன் இருக்கிற சின்ன காஞ்சிபுரத்துக்கும் அவள் இருக்கிற ஒலிமுகமதுபேட்டைக்கும் நடுவே அரை மணி நேரத் தூரம்கூடக் கிடையாது. பதினைந்து நாளாக இருவரும் பேசவில்லை.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அவள் அதில் மதில்காவலர். எதிரிகளை அனுப்புவதும், என்ன நடந்தது என்று தீர்ப்புச் சொல்வதும் அவள் வேலை. மதில்காவலர் ஓர் ஆண் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப நாட்களில் பெண் என்று தெரிந்த ஒரு வாரம் அவளுக்கு வந்த தனிச் செய்திகளுக்குப் பிறகு அவளும் அதைத் திருத்தவில்லை.

பார்வையாளர்கள் நாற்பத்தொரு பேர். நாலரை மணிக்கு அறுபது. மின்வெட்டு என்ற பெண் ஹீரோ நகரத்து விளக்குகளை அணைத்ததற்கு இருபது இதயம் விழுந்தது. பரவாயில்லை, ஆனால் போதாது. கருங்கல்லுக்கு நான்கே இதயம்.

கருங்கல் ஆரம்பம் முதல் இருக்கிற ஆள். உடம்பைக் கல்லாக்கிக்கொள்ளும் ஹீரோ. எழுதுகிறவர் யார், என்ன வயது, ஒன்றும் தெரியாது. ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்: பிழை பொறுக்க மாட்டார். யாராவது ஓர் ஒற்றை விட்டுவிட்டால் போதும், 'அவனைப் பார்த்தேன் என்று எழுத வேண்டும் தோழரே, ப் எங்கே?' என்று வந்து நிற்பார். நஸ்னீன் எழுதிய புது விதிகளிலேயே மூன்று ஒற்றுப்பிழைகளைச் சுட்டிக்காட்டியிருந்தார். இன்றைக்குச் சக்தி இழக்கப்போவது இவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நான்கு ஐம்பத்தைந்துக்கு அவள் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தாள். 'வடக்கு வாசல் வழியாக நஞ்சுப் பனி நுழைகிறது. மூச்சில் ஏறினால் புத்தி கலங்கும்.'

அடுத்த முறை கருங்கல்லுடையது. மூன்று நிமிடம் முடிய இரண்டு விநாடி இருக்கும்போது பதிவு வந்தது.

'கல் கையில் மதில். என் மதில் கை வரவில்லை. தண்ணீர் எங்கே மாலை எங்கே. நான் கல் நான் கல் நான்.'

 பிறகு இதயங்கள் விழ ஆரம்பித்தன. பத்து, முப்பது, எழுபது. 'புத்தி கலங்கினதை எழுத்துலயே காட்டிட்டாரு' என்று ஒருவர் எழுதினார். 'ஒற்று ஒற்றுனு உயிரை வாங்குற மனுஷனா இது' என்றார் இன்னொருவர். யாரோ அதைப் படமெடுத்து வேறு குழுக்களில் போட்டிருக்க வேண்டும். பார்வையாளர் எண்ணிக்கை அவள் கண்ணெதிரே தொண்ணூறு, நூற்று முப்பது என்று ஏறியது.

நஸ்னீன் திரைக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். சந்தோஷம்தான் அது.

ஐந்து ஒன்றுக்கு அவளுடைய தனிப்பெட்டியில் ஒரு செய்தி விழுந்தது. ஒவ்வொரு ஹீரோவும் தன் ரகசிய நகர்வை மதில்காவலருக்கு மட்டும் அனுப்பும் பெட்டி. பார்வையாளர் யாருக்கும் தெரியாது, அதற்கு இதயமும் கிடையாது.

'வலது வலது இல்லை விளக்கு போ.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இங்கே யாருக்காக நடிக்கிறார்?  ஆனால் விதியை எழுதியவளே அவள்தான்: வேஷத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கருங்கல் விதி தவறாத மனிதர். அப்படித்தான் இருக்கும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு, 'கருங்கல்லே, உன் நகர்வு என்ன? தெளிவாகச் சொல்' என்று மதில்காவலராகவே பதில் போட்டாள். பதில் இல்லை. பொதுப் பக்கத்தில் மின்வெட்டு கருங்கல்லைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். பார்வையாளர்கள் இருநூறைத் தாண்டினார்கள். இத்தனை பேரை மதில்நகர் இதுவரை பார்த்ததே இல்லை. நஸ்னீன் எழுதிக்கொண்டே போனாள்.

மறுபடி கருங்கல்லின் முறை வந்தது. ஐந்து ஒன்பது.

'ழ ழ ழழ'

அவ்வளவுதான். பக்கம் இதயங்களால் நிரம்பியது.  நஸ்னீன் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டு போய்க் கருங்கல்லின் பழைய பதிவுகளைத் தேடினாள். நான்கு முப்பத்தெட்டில் எழுதியது சுத்தமாக இருந்தது. நான்கு ஐம்பத்திரண்டில் எழுதியதில் கண் குத்திட்டு நின்றது.

'மதிலை தாண்டி வந்தேன்.'

மதிலைத் தாண்டி. த் இல்லை. நஞ்சுப் பனியை அவள் விட்டது நான்கு ஐம்பத்தைந்துக்கு. அதற்கு மூன்று நிமிடம் முன்பே இந்த மனிதர் ஓர் ஒற்றை விட்டிருக்கிறார்.

'ஆட்டம் நிற்கிறது' என்று தட்டினாள். 'இது கதை இல்லை. கருங்கல்லுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா?'

அதற்கும் இதயம் போட்டார்கள். 'வேற லெவல் திருப்பம் மதில்காவலரே' என்று எழுதினார்கள். மின்வெட்டு தன் முறை என்று நினைத்துக்கொண்டு, 'நான் அவனைத் தேடிப் பறக்கிறேன்' என்று எழுதினாள்.

நஸ்னீன் போனை எடுத்துக் குரல் செய்தியைப் பதிவு செய்தாள். 

"நான்தான் மதில்காவலர். என் பேரு நஸ்னீன். காஞ்சிபுரத்துல இருக்கிறேன். இது நிஜம்பா. தயவு செஞ்சு யாரும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. கருங்கல் யாருனு தெரிஞ்சா உடனே சொல்லுங்க."

அதைப் போட்டதும் பக்கம் அப்படியே அடங்கியது. இதயம் விழுவது நின்றது. மின்வெட்டு முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் எழுதினாள்: 'ஐயோ, நான் அனு, வேலூர். எனக்கு அவரைத் தெரியாதுங்க.' யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. மூன்றாம் ஆண்டு விழாவுக்குப் பழைய ஆட்கள் பத்துப் பேருக்கு டீ-சர்ட் அனுப்பினார்கள். முகவரி வாங்கியதும் கூரியர் போட்டதும் பாலாஜி. முகவரிகளை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் அவளுக்குக்கூடக் காட்டவில்லை.

பாலாஜிக்குப் போன் போட்டாள். மணி போனது, துண்டித்துவிட்டான். மறுபடி போட்டாள். மறுபடியும் துண்டித்தான். மூன்றாவது முறை எடுத்தான்.

"இன்னா?"

"கருங்கல் அட்ரஸ் உன்னான்ட இருக்குதா? அவருக்கு ஏதோ ஆயிடுச்சு பாலாஜி. ஸ்ட்ரோக் மாதிரி இருக்குது. கண்டபடி எழுதிக்கினு இருக்காரு. சண்டையெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்பா."

 "லைன்லயே இரு" என்றான். அவன் எழுந்து ஓடுவதும் நாற்காலி விழுவதும் கேட்டது. "முசரவாக்கம். தணிகாசலம்னு பேரு. வாலாஜாபாத்துல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை வெச்சிருக்காரு. நம்பர் அனுப்புறேன். நான் நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டு வண்டியில கெளம்புறேன். நீ அவருக்குப் போடு."

அந்த எண்ணுக்குப் போட்டாள். ஐந்தாவது மணியில் எடுக்கப்பட்டது. யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "ஆ... ஆ..." என்று ஓர் ஒலி.

"அண்ணா, நான் மதில்காவலர். நஸ்னீன். உங்களுக்கு ஆம்புலன்ஸ் வந்துக்கினு இருக்குது. பாலாஜி வர்றான். எழுந்திரிக்கப் பார்க்காதீங்க. தண்ணி கிண்ணி எதுவும் குடிக்காதீங்க. நான் லைன்லயேதான் இருக்கிறேன்."

என்ன பேசுவது என்று தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அனு வேலூர்ப் பெண் என்று சொன்னாள். தன் விதிகளில் அவர் கண்டுபிடித்த மூன்று பிழைகளையும் இன்னும் திருத்தவில்லை என்று சொன்னாள். நடுவில் ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அதன்பின் மூச்சும் தூரமாகிவிட்டது.

"அண்ணா? தணிகாசலம் அண்ணா?"

கதவுக்கு வெளியே அம்மா கூப்பிட்டாள். நஸ்னீன் எழுந்து தாழை நீக்கினாள். தம்பி ரெஹானும் கூட நின்றிருந்தான். "வண்டியை எடுடா" என்றாள். ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்தும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ரயில்வே கேட் அருகே வந்தபோது போனுக்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். பாலாஜியின் குரல். பிறகு ஒரு பெண்ணின் குரல்: "உள்தாப்பா போட்டுக்கினாருபா. அவரு பொண்டாட்டி காந்தா காதுகுத்துக்குப் போயிக்கிது. பின்னாடி வா, தோட்டத்துக் கதவு கொக்கி லூசுதான்." மரம் உடையும் சத்தம். "ஐயோ, கீழ கெடக்காரே" என்று அதே பெண்.

அடுத்துப் பாலாஜி போனுக்கு மிக அருகில் பேசினான். "நஸ்னீன், மூச்சு இருக்குது. கண்ணு தெறந்துக்கினு இருக்குது. ஒரு பக்கமா வாய் இழுத்துக்கிச்சு. ஆம்புலன்ஸ் சத்தம் கேக்குது. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டிரெச்சரை இறக்கும்போதுதான் கருங்கல்லை அவள் முதல்முறை பார்த்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஒல்லியான உடம்பு, லுங்கி. வலது கை ஸ்டிரெச்சருக்கு வெளியே தொங்கியது. பின்கதவைக் காட்டிய பக்கத்து வீட்டு ஜெயம்மாள் அந்தக் கையைத் தூக்கி அவர் மார்மேல் வைத்தாள். அது மறுபடியும் சரிந்தது.

பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

பாலாஜி ஜெயம்மாளைப் பார்த்தான். "காலையில கோலம் போடறப்போ பார்த்தேம்மா" என்றாள் ஜெயம்மாள்.

"காலையிலயா? அது பத்தாதும்மா. நேரம் தெரிஞ்சாதான் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாமா வேணாமானு முடிவு பண்ண முடியும். நாலரை மணி நேரம் தாண்டிட்டா போட முடியாது."

நஸ்னீன் போனை நீட்டினாள். "நாலு முப்பத்தெட்டுக்கு நல்லா இருந்தாரு டாக்டர். நாலு ஐம்பத்திரண்டுக்கு முதல் தப்பு. அவரு தப்பே பண்ண மாட்டாரு. இதுல எல்லாம் நேரத்தோட இருக்குது, பாருங்க."

டாக்டர் பதிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம், பிறகு கவனம். நான்கு முப்பத்தெட்டு என்று தாளில் எழுதி வட்டம் போட்டாள். "ஸ்கேனுக்குத் தூக்குங்க" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாலு ஐம்பத்தெட்டுலயே இப்படி எழுதியிருக்காரே. நீங்க எப்போ போன் பண்ணீங்க?" என்றாள். குற்றம்சாட்டும் குரல் இல்லை. தாளில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டம், அவ்வளவுதான்.

"அஞ்சே காலுக்கு" என்றாள் நஸ்னீன்.

பாலாஜி அவளைத் திரும்பிப் பார்த்தான். 

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான் என்று தெரிந்தது. ஆறரைக்கு ஊசி போட்டார்கள். காதுகுத்து வீட்டிலிருந்து பட்டுப்புடவையோடு ஓடி வந்த காந்தா, வாசலில் நின்ற அந்நியர்களை மாறி மாறிப் பார்த்தாள். கணவர் ஓயாமல் போனில் பத்திரிகை மெய்ப்புப் பார்க்கிறார் என்றுதான் இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தாள்.

தணிகாசலம் பிழைத்துக்கொண்டார். வலது கால் ஒரு வாரத்தில் தரையில் ஊன்றியது. கை மெல்ல மெல்ல. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

மதில்நகருக்கோ அந்த ஒரு வாரத்தில் கூட்டம் அலைமோதியது. ஒற்று விட்டது, 'மதில் கை வரவில்லை', 'ழ ழ ழழ' என்று கருங்கல்லின் அந்த மூன்று பதிவுகளும் எங்கெங்கோ பரவின. 'நிஜ ஆபத்து நடந்த ஆட்டம் இதுதான்' என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். எழுநூறு பேர் சேர்ந்திருந்தார்கள். அந்த மூன்று பதிவுகளுக்கும் இதயம் ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டார்கள். நஸ்னீன் பதில் போடவில்லை. பதிவுகளை எடுக்கவும் இல்லை.

இரண்டாவது ஞாயிறு அவளும் பாலாஜியும் முசரவாக்கம் போனார்கள். தணிகாசலம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காந்தா டீ கொடுத்தாள். நீங்கள் இல்லையென்றால் என்று ஆரம்பித்தாள். நஸ்னீன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க. அஞ்சு மணி ஒரு நிமிஷத்துக்கே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. எனக்கு மட்டும் தனியா அனுப்பியிருந்தாரு. கூட்டம் ஏறிக்கினு இருந்துச்சு. நிறுத்த மனசு வரல. எட்டு நிமிஷம் பேசாம ஆட்டத்தை நடத்திக்கினு இருந்தேன்."

காந்தாவின் முகம் மெல்ல இறுகியது. கையிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றும் வெகுநேரம் அவள் வரவில்லை. வந்தபோது வாசற்படியிலேயே நின்றாள்.

"எட்டு நிமிஷத்துல இன்னா போச்சுனு எனக்குத் தெரியாதும்மா. உனக்கும் தெரியாது. அந்த டாக்டருக்கும் தெரியாது. எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது. அவராண்ட சொல்லு."

தணிகாசலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இடது கையை நீட்டினார். போனைக் கேட்கிறார் என்று பாலாஜிக்குப் புரிந்தது. மதில்நகரைத் திறந்து கொடுத்தான். அவர் தன் பதிவுகளைப் பார்த்தார். மூன்றாவதில் வெகுநேரம் கண் நின்றது. கீழே ஆயிரத்து நானூறு இதயங்கள். அவர் தாடை அசைந்தது. சொல் வரவில்லை. இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். அவர் தட்டி முடிக்கும் வரை மூவரும் காத்திருந்தார்கள்.

'நான் இல்லை இது. எடுத்துடுங்க.'

நஸ்னீன் தலையாட்டினாள். எதைப் பார்க்க வந்த கூட்டம் அது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அங்கேயே, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று பதிவுகளையும் நீக்கினாள். பரவிய படங்களைத் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

திரும்பும்போது முசரவாக்கம் பஸ் நிறுத்தத்தில் பாலாஜி வண்டியை ஓரம் கட்டினான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குதா, இல்லையா?"

"நீ இன்னா சொல்ற?"

"நேரலை நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கு நானும் வெளிய நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன், வேற பேருல. கருங்கல் முறை வந்தப்போ சிகரெட் வாங்கப் போயிட்டேன், திரும்பி வந்து உட்கார்றதுக்குள்ள நீ போன் போட்டுட்ட. இருந்திருந்தா நானும் இதயம்தான் போட்டிருப்பேன்." வண்டிச் சாவியைத் திருகினான். "இதயம் வேணாம். வேஷம் கலையக் கூடாதுங்கிற விதியும் வேணாம்."

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இதயக்குறி இல்லை. யார் வேண்டுமானாலும் 'நில்' என்று ஒரு சொல் எழுதினால் எல்லோரும் நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும் என்பது முதல் விதி. கருங்கல்லின் பதிவுகளைத் தேடி வந்தவர்கள் காணாமல் கேட்டார்கள், திட்டினார்கள், போனார்கள். எழுநூறில் அறுபத்திரண்டு பேர் தங்கினார்கள். அதில் பதினெட்டுப் பேர் எழுத வந்தவர்கள்.

நான்கரை மணிக்கு யாரோ ஒரு புதியவர் 'நில்' என்று எழுதினார். நஸ்னீன் விரலை எடுத்துவிட்டாள்.  "என்ன ஆச்சு? நல்லா இருக்கீங்களா?" என்று தட்டினாள்.

'பால் பொங்கிடுச்சுங்க, அடுப்பை அணைச்சிட்டு வரேன்' என்று பதில் வந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.